ரெண்டு ஆள் பாரம்

ஹம்சவேணி அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பதினாலு மாதமாகிவிட்டது. வண்டி என்னவோ வீட்டிலேயேதான் நின்றது. கோச்சடையில் மேலக்கால் ரோட்டை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில் அவர்கள் வீடு. முன்னறையில் அவளுடைய தையல் மெஷின். 'ஜாக்கெட் மட்டும் தைக்கப்படும்' என்று வெளிச்சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். மெஷினில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் பக்கத்து நடையில் சாம்பல் நிற உறை போட்டு வண்டி நிற்பது தெரியும். கொஞ்ச நாளாக அவள் புருஷன் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அந்த உறையின் மேலேயே காயப்போட ஆரம்பித்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மிதியில் வைத்த கால் நின்றுவிடும்.

அவர் பெயர் வெங்கடசுப்பிரமணியன். ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். திருமங்கலம் ரூட். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. வேலை முடிந்த அன்று காலேஜில் சால்வை போர்த்தி அதைத்தான் மைக்கில் சொன்னார்கள். அடுத்த மாதமே முந்நூத்தம்பது சிசி வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டி, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூணாறு, தனுஷ்கோடி, மைசூர், ஒரு தடவை ஹம்பி வரைக்கும். அவளுக்குப் பின்சீட்டில் வேலை நிறைய இருக்கும். வழி கேட்பது, ஆரஞ்சு உரித்து முன்னால் நீட்டுவது, லாரி பின்னால் வந்தால் தோளில் தட்டுவது. வீட்டில் பேச வாய்க்காத பேச்சையெல்லாம் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாள். அவருக்குப் பாதி காற்றில் போய்விடும். போனால் என்ன, அவள் பேசிக்கொண்டே வருவாள்.

அடுத்தது குஜராத் என்று முடிவாகியிருந்தது. அவர்கள் சௌராஷ்டிரக்காரர்கள். முன்னோர்கள் என்றைக்கோ அங்கிருந்து நடந்தே வந்தார்கள் என்று சொல்லிக் கேட்டதுதான். ஹம்சவேணிக்குப் பெரிய பக்தியெல்லாம் இல்லை. சோமநாதபுரத்தில் போய் இறங்கி, ஒரு டீக்கடையில் தன் வீட்டுப் பாஷையில் தண்ணீர் கேட்க வேண்டும். அந்தக் கடைக்காரனுக்குப் புரிகிறதா என்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மதுரையிலிருந்து ரெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். அவர் ஒரு நோட்டில் ஊர் ஊராக எழுதி வைத்திருந்தார்.

அதற்கு முன்னோட்டமாக மேகமலைக்குக் கிளம்பினார்கள். போன வருஷம் ஆடி மாதம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி போகிற வழியில் ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு போடவில்லை. வண்டி விழவில்லை, யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஏறி இறங்கியபோது அடியில் இரும்பும் இரும்பும் மோதிய மாதிரி ஒரு இடி. ஹம்சவேணிக்கு இடுப்புக்கு மேலே பளிச்சென்று ஒரு வலி. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவளால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை.

முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "எலும்பு மெலிஞ்சு போயிருக்கும்மா. அம்பது தாண்டின பொம்பளைகளுக்கு வர்றதுதான். இல்லாட்டி இந்தச் சின்னக் குலுக்கலுக்கு இப்படி ஆகாது."

மூணு மாதம் படுக்கை. அப்புறம் இடுப்பில் பெல்ட். வெங்கடசுப்பிரமணியன் சமையல் கற்றுக்கொண்டார், அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார், கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி முருங்கைக்கீரை ஆய்ந்தார். வண்டியை மட்டும் தொடவில்லை.

இந்தப் புரட்டாசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, பெல்ட்டோடு டூவீலரில் கொஞ்ச தூரம் போகலாம், தூக்கிப் போடக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் ஹம்சவேணி பேச்சை எடுத்தாள்.

"பின்னாடி ஷாக் அப்சார்பரை மாத்திட்டா தூக்கிப் போடாதுல்ல?"

அவர் புளியோதரைக்குக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ராகேஷ்ட்ட சொல்லியாச்சே. மாசக் கடைசியில வந்து எடுத்துட்டுப் போறான்." ராகேஷ் கோயம்புத்தூரில் இருக்கிற அவருடைய அக்கா மகன்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நம்ம மீனாதான் சொன்னா, இந்த வயசுல என்னத்துக்குப்பா வண்டின்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு." மீனலோசனி ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள்.

"அவ பின்சீட்டுலயா நான் உக்காந்தேன்?"

"அந்தப் பேச்சை விடு ஹம்சா."

கடலை கருகியது. அவர் அதைக் கொட்டிவிட்டு வேறு கடலை எடுத்தார்.

மறுநாள் அவர் ரேஷன் கடைக்குப் போனதும், ஹம்சவேணி நடைக்குப் போய் உறையைத் தூக்கி, பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் நிற்கிற ஷாக் ரெண்டையும் செல்போனில் படம் எடுத்தாள். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் முடக்குச்சாலை போனாள். ஆட்டோக்காரர் அருகில் உட்கார வைத்து, "பள்ளம் வந்தா சொல்றேம்மா, கம்பியப் பிடிச்சுக்கங்க" என்று மெதுவாகத்தான் ஓட்டினார்.

முடக்குச்சாலையில் முத்துமீனாவின் பட்டறை. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். முப்பத்தஞ்சு வயதிருக்கும். ஐடிஐ முடித்து, ஒரு கம்பெனி சர்வீஸில் எட்டு வருஷம் இருந்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவள். மற்ற ரிப்பேர் எல்லாம் பார்த்தாலும் ஷாக் வேலைக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். ஒரு ஷாக்கை இடுக்கியில் கவ்வ வைத்து ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றிக்கொண்டிருந்தவள், ஹம்சவேணியைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"பின்னாடி ஷாக் மாத்தணும்மா. எது நல்லதுன்னு தெரியல. ரெண்டு பேரு தூரமாப் போற வண்டி."

"நல்லதுன்னு தனியா ஒண்ணு கிடையாதுக்கா. ஏறுற ஆளைப் பொறுத்தது. மெத்துன்னு இருந்தா நல்லதுன்னுதான் எல்லாரும் கேப்பாக. ரொம்ப மெத்துன்னு இருந்துச்சுன்னா, பள்ளத்துல விழுறப்ப அடி வரைக்கும் போயி இரும்புல இடிச்சிரும். அந்த இடி நேரா முதுகுக்குத்தான். ரொம்பக் கெட்டியா இருந்தா ரோட்டுல கிடக்குற கல்லெல்லாம் இடுப்புல தெரியும். உங்க வெயிட் எம்புட்டு?"

"அறுபத்திரெண்டு."

"அண்ணன்?"

"எம்பது. பெட்டி ரெண்டும் இருவது வரும்."

"இம்புட்டு கணக்கா யாரும் சொல்ல மாட்டாக." முத்துமீனா சிரித்தாள். "டெய்லரா?"

"ஜாக்கெட் தைக்கிறேன்."

"அப்ப உங்களுக்குச் சொன்னா விளங்கும். ரெடிமேடு மாட்டுனா ஒரு இடத்துல பிடிக்கும், ஒரு இடத்துல தொங்கும்ல. அதேதான். வண்டி படம் இருக்காக்கா?"

ஹம்சவேணி செல்போனை நீட்டினாள். முத்துமீனா படத்தை விரலால் பெரிதாக்கினாள். அடியில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி படிந்து, கறுப்பாகக் கட்டி தட்டியிருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், பெட்டி மேல் ஒட்டியிருந்த காலேஜின் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"இது காலேஜ் பஸ் டிரைவர் அண்ணன் வண்டில்ல? இன்னுமா இதை மாத்தல?"

"இன்னுமான்னா?"

"போன வருசம் ஆனிக் கடைசியில கொண்டாந்தாருக்கா. இடது பக்கம் சீல் போயி எண்ணெய் பூராம் இறங்கிருச்சு, ஸ்பிரிங்கும் உக்காந்துருச்சு. ஆள ஏத்தாதீங்கண்ணே, ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். சனிக்கிழமை ஊருக்குப் போகணும், போயிட்டு வந்து விடுறேன்னாரு. அப்புறம் ஆளையே காணோம். வேற எங்கயோ மாத்திட்டாரு போலன்னு விட்டுட்டேன்." பேசிக்கொண்டே வந்தவள் ஹம்சவேணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னக்கா? தண்ணி குடிக்கிறீகளா?"

ஹம்சவேணி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சேலைக்குள் பெல்ட் வியர்த்து நனைந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள்தான் வெள்ளிக்கிழமையே துணியை மடித்துப் பெட்டியில் வைத்தவள்.

"ஒண்ணுமில்லம்மா. நான் சொல்லி அனுப்புறேன்" என்று எழுந்தாள்.

அவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிரம்தான் பேசுவார்கள். தமிழ் வாசலோடு சரி. கோபம் வந்தால் மட்டும் ஹம்சவேணி வீட்டுக்குள் தமிழில் பேசுவாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நாலைந்து தடவைதான் அப்படி நடந்திருக்கிறது. அன்று சாயங்காலம் வெங்கடசுப்பிரமணியன் கஞ்சி டம்ளரைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தபோது அவள் தமிழில் பேசினாள்.

"இதை எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேண்டாம்."

அவர் நின்றார்.

"முத்துமீனா பட்டறைக்குப் போயிருந்தேன்."

வெளியே மழை வருகிற மாதிரி காற்று அடித்தது. நடையில் உறை படபடத்தது. அவர் கீழே தரையில், வெட்டிய துணித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"சொன்னாளா?"

"சொன்னா. சீல் போயிருச்சு, ஆள ஏத்தாதீங்கன்னு உங்ககிட்ட சொன்னதா சொன்னா. அது நெசந்தானா?"

"நெசந்தான்."

"தெரிஞ்சேதான் என்னை ஏத்துனீங்க."

"நீ துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தே. மூணு மாசமா அந்த மலையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தே. ரெண்டு நாள் வண்டி இல்லைன்னா அந்த வாரம் போச்சு, அப்புறம் உனக்கு ஆவணி முகூர்த்தத் தையல் வந்துரும். மெதுவாத்தானே போறோம், பார்த்து ஓட்டினா சரியாப் போயிரும்னு நினைச்சேன். பஸ்ஸை அப்படியெல்லாம் ஓட்டியிருக்கேன்."

"பஸ்ஸுல ஏறுன பிள்ளைகளை அப்படி ஏத்துவீங்களா? பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சா பஸ்ஸை எடுத்திருப்பீங்களா?"

அவர் தரையில் கிடந்த ஒரு துணித் துண்டை எடுத்து மடித்தார்.

"துணிய எடுத்து வச்சா என்ன? திரும்ப பீரோவுல வச்சிருப்பேன். அதுக்குக் கோவிச்சிருப்பேனா நான்?" அவள் குரல் உயரவில்லை. "அது போகட்டும். தப்பு யாருக்கும் வரும். அதுக்கப்புறம் பதினாலு மாசம் இருந்துச்சே. டாக்டரு எலும்பு மெலிஞ்சிருக்குன்னு சொன்னாரு, நீங்க பக்கத்துல நின்னு தலைய ஆட்டினீங்க. நான் என் ஒடம்பு மேல கோவப்பட்டேன். இந்த எலும்பாலதானே எல்லாம் போச்சுன்னு. படுத்துக்கிட்டு விட்டத்தப் பார்த்து அழுதேன்ல, அப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'வயசாயிருச்சுல்ல ஹம்சா'ன்னு சொன்னீங்க."

"எலும்பு மெலிஞ்சதும் உண்மைதானே" என்றார் அவர் மெதுவாக. சொன்ன மறுகணமே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது.

"உண்மைதான். அதுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டீங்க."

மழை பிடித்துக்கொண்டது. அவர் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. குழாயை மூடின பிறகும் அவர் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் அஞ்சு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சமைத்து வைப்பார், அவள் போட்டுச் சாப்பிடுவாள். தலை பின்ன அவர் சீப்போடு வந்து நின்றால், அவள் தானாகவே கொண்டை போட்டுக்கொள்வாள். கை தூக்க வலிக்கும். வலித்தாலும் போட்டுக்கொண்டாள். கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. வண்டி போய்விடுமே என்கிற பயமும் அதற்குள்தான் இருந்தது. இந்த ஆளோடு இனி எங்கேயும் போக வேண்டாம் என்று காலையில் நினைப்பாள். ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருக்கும்போது, ஹம்பி போகிற வழியில் சூரியகாந்திக் கொல்லைக்கு நடுவே வண்டியை நிறுத்தி டீ குடித்தது ஞாபகத்துக்கு வரும். கத்திரி நின்றுவிடும். இவரோடு போகவும் முடியாது, இவரில்லாமல் போகவும் முடியாது. அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவள் ஊரைப் பார்த்திருக்கிறாள்.

ஆறாவது நாள் வியாழக்கிழமை. காலையில் நடையில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். உறை சுருட்டி ஓரமாகக் கிடந்தது. வெங்கடசுப்பிரமணியன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார். டயருக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெட்டியைத் துடைத்தார். ரெண்டு மணி நேரம் ஆனது. அப்புறம் அவள் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, அவரும் தமிழிலேயே பேசினார். அது வேண்டுமென்றே பேசியதா, பயத்தில் வந்ததா தெரியவில்லை.

"ராகேஷுக்கு போன் பண்ணி வண்டி இல்லைன்னு சொல்லிட்டேன். ஓசூருக்குப் பேசி நம்ம மீனாகிட்டயும் சொன்னேன். சீல் போனதையும் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினா." கொஞ்சம் நிறுத்தினார். "முத்துமீனா ரெண்டு பேரும் உக்காந்தாத்தான் அளவெடுக்க முடியும்னு சொல்றா. நீ வந்தா வா. வரலைன்னாலும் நான் மாத்தி வைக்கிறேன். தப்பா இருக்கிறதை அப்படியே மூடி வைக்கக் கூடாது."

"வண்டில வர மாட்டேன்" என்றாள் ஹம்சவேணி. "ஆட்டோவுல வாரேன்."

மேஜையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் முத்துமீனா மூணு ஜோடி எடுத்து வைத்திருந்தாள். ஒன்று சிவப்பு ஸ்பிரிங், பக்கத்தில் கேஸ் அடைத்த சின்ன உருளையோடு, பார்க்கவே மிடுக்காக இருந்தது. வெங்கடசுப்பிரமணியன் நேராக அதைத்தான் எடுத்தார்.

"இருக்கிறதுலயே ஒசத்தி இதானே? இதையே போட்டுருமா."

"ஒசத்திதாண்ணே. ஆனா உங்களுக்கானு மாட்டிப் பார்ப்போம்."

மாட்டிக் கழற்ற ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பிடித்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்சில் போல்ட்டிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முத்துமீனா அளந்தாள். டேப் ஹம்சவேணியுடையது.

"முறுக்காமப் பிடிம்மா" என்றாள் ஹம்சவேணி. "மடங்கினா கால் இஞ்ச் ஏமாத்திரும்."

"சரிக்கா. இப்ப ஸ்டாண்டை எடுத்துட்டு ரெண்டு பேரும் ஏறுங்க. கால தரையில ஊனாதீக."

வெங்கடசுப்பிரமணியன் ஏறி உட்கார்ந்தார். ஹம்சவேணி பக்கத்தில் வந்து நின்றாள். எங்கே பிடித்து ஏறுவது என்று அவளுக்குத் தெரியும். பதினாலு மாதத்தில் மறந்துபோகவில்லை. இடது கையை அவர் தோளில் வைத்தாள். சட்டைக்குள் வியர்வை. அவள் கையை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, எடுக்காமல் ஏறி உட்கார்ந்தாள். முத்துமீனா முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் காலைத் தூக்கினார்கள்.

"சாயாதீக. அளக்கணும்." கடைக்கு டயர் கொண்டுவந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் கீழே குனிந்து அளந்தாள். "அரை இஞ்ச்தான் இறங்குது. இது வேகமா ஓட்டுற சின்னப் பயலுகளுக்கு. அக்காவத் தூக்கி எறிஞ்சிரும். இறங்குங்க."

ரெண்டாவது ஜோடி உட்கார்ந்ததுமே ரெண்டு இஞ்ச் அமுங்கியது. மெத்தை மாதிரி இருந்தது. ஹம்சவேணிக்கே அது பிடித்திருந்தது.

"சொகமாத்தானம்மா இருக்கு."

"நிக்கிறப்ப சொகமாத்தாங்கா இருக்கும். பள்ளத்துல மிச்சம் இறங்க இடம் இருக்காது."

மூணாவது ஜோடி சாதாரணக் கறுப்பு ஸ்பிரிங். மேலே நெருக்கமாகவும் கீழே இடைவெளி விட்டும் சுற்றியிருந்தது. ஸ்பிரிங்கை இறுக்க அஞ்சு படி. முத்துமீனா முதல் படியில் அளந்தாள், ரெண்டில் அளந்தாள், மூணில் வைத்துவிட்டு, மறுபடி ஏறச் சொல்லி, டேப்பை நிமிர்த்திப் பிடித்துக் காட்டினாள்.

"ஒண்ணேகால் இஞ்ச். இதுதான் உங்க ரெண்டு பேருக்கும். ஸ்பிரிங் தாங்கும், உள்ள இருக்கிற எண்ணெய் திரும்பத் துள்ள விடாமப் பிடிச்சுக்கிரும்." அவரைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணுண்ணே, இந்தப் படியில வச்சா நீங்க ஒத்தையில ஓட்டுறப்ப தடதடன்னு இருக்கும். ஒத்தையில போறப்ப ஒரு படி குறைச்சுக்கங்க. படி திருப்புற சாவி தாரேன்."

"சாவி வேண்டாம்" என்றார் வெங்கடசுப்பிரமணியன். "ரெண்டு பேருக்கே இருக்கட்டும்."

ஹம்சவேணி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே பேச்சை ஆரம்பித்தாள். தமிழில்தான்.

"சோழவந்தான் வரைக்கும் போயிட்டு வருவோம். பத்தொம்பது கிலோமீட்டர். ஒரே ஒரு விஷயம். வண்டியில என்ன கோளாறுன்னாலும் நீங்க சொல்லணும். ஒடம்புல என்னன்னாலும் நான் சொல்லுவேன். மூடி வைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் உள்ள போயிர்றேன்."

"சொல்றேன்" என்றார். பிறகு, வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டே, "பின்டயர்ல காத்து ஒரு பவுண்டு கம்மியா இருக்கு. வழியில பிடிச்சுக்கலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மேலக்கால் ரோடு ஆற்றை ஒட்டியே போகிறது. அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். துவரிமான் தாண்டியதும் வாய்க்கால்கள் நிறைந்து ஓட, இருபக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அவர் முப்பதுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே "பள்ளம்" என்றார். வண்டி இறங்கும், அமுங்கும், மெதுவாக எழும். இடுப்பு வரை வரும்போது அது ஒன்றுமில்லாமல் போயிருந்தது. மேலக்கால் வரும்போது ஹம்சவேணி பயத்தை விட்டுவிட்டாள். நாற்றுக் கட்டின் வாடை, சேற்று வாடை, எங்கோ கருப்பட்டி காய்ச்சுகிற வாடை. பதினாலு மாதமாக அவளுக்கு மெஷின் எண்ணெய் வாடைதான். கண்ணில் நீர் வந்தது. காற்றுக்குத்தான் என்று வைத்துக்கொண்டாள்.

தென்கரை பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் ஆரம்பித்தன. அகத்திக்கு நடுவில் பச்சை இருட்டாக இருந்தது. அங்கே வைத்துத்தான் முதுகில் அந்த இடம் முணுமுணுக்க ஆரம்பித்தது. முதலில் இன்னும் நாலு கிலோமீட்டர்தானே என்று பல்லைக் கடித்தாள். அப்புறம் அவர் தோளில் தட்டி, அவர்கள் பாஷையில், "வலிக்குது" என்றாள்.

ஒன்பது நாளைக்குப் பிறகு அந்தப் பாஷையில் அவள் பேசிய முதல் சொல் அதுதான். அவர் உடனே ஓரம் கட்டினார்.

"எப்ப இருந்து?"

"இப்பத்தான். ஒரு கிலோமீட்டரா."

கொடிக்கால் வரப்பில் அவளை மெதுவாக நடக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஏற்றி, இருபதில் ஓட்டி, சோழவந்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளப்புக்கடையில் உட்கார வைத்தார். இட்லி வந்தது. அவர் தொடவில்லை.

"சாப்பிடுங்க."

"பத்தொம்பதுக்கே வலிக்குது. ரெண்டாயிரத்து இருநூறு."

"பதினஞ்சு வரைக்கும் வலிக்கல" என்றாள். "அதைச் சொல்லுங்க."

"நான் கெடுத்துட்டேன் ஹம்சா. ஷாக்கை மாத்திட்டா எல்லாம் பழையபடி ஆயிரும்னு நினைச்சேன்."

அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டாள். ஆகாது என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. இந்த முதுகு இனி ஹம்பி போன முதுகு இல்லை. சோமநாதபுரத்து டீக்கடைக்காரன் முகத்தை அவள் ஒருவேளை பார்க்காமலேயே போகலாம். அதை நினைத்ததும் இட்லி இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள்.

"கோவம் போயிருச்சுன்னு நினைக்காதீங்க" என்றாள். "அது இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும். இட்லியச் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார்.

திரும்பிப் போக அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. மதுரை டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் கூடவே ஏறி சீட்டுகளைப் பார்த்தார். "கடைசியில உக்காராதே. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உக்காரு. இங்கதான் ஆட்டம் கம்மி." தன் துண்டை மடித்து அவள் முதுகுக்கு வைத்துவிட்டு இறங்கினார். டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் தலையாட்டினார்.

பஸ் கிளம்பியது. ஹம்சவேணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். துண்டு பட்ட இடத்தில் வலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. திரும்பிப் பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, வெங்கடசுப்பிரமணியன் வந்துகொண்டிருந்தார். முந்திப் போயிருக்கலாம். போகவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். ரெண்டு ஆள் பாரத்துக்கு இறுக்கிய ஸ்பிரிங் ஒற்றை ஆளுக்கு அமுங்க மறுத்தது. சின்னக் கல்லுக்குக்கூட வண்டியின் பின்புறம் துள்ளியது. காலி சீட்டும் பெட்டிகளும் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு துள்ளலுக்கும் அவர் கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தார். அவருக்கும் முதுகு இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. முன்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. வழியெல்லாம் அந்தக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

துவரிமானில் பஸ் நின்றபோது ஹம்சவேணி எழுந்தாள்.

"கோச்சடைக்குல்லம்மா டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"இங்கனயே இறங்கிக்கிறேன் தம்பி."

கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெங்கடசுப்பிரமணியன் பதறிப்போய் வண்டியை ஓரத்தில் நிறுத்தினார்.

"என்னாச்சு? ரொம்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல. இங்கேருந்து வீடு அஞ்சு கிலோமீட்டர்தானே."

"இன்னைக்கு வேண்டாம் ஹம்சா. அடுத்த பஸ்ஸு வரும்."

"வலிச்சா சொல்றேன். காலை நல்லா ஊனிக்கங்க."

அவர் ரெண்டு காலையும் அகட்டித் தரையில் ஊன்றிக்கொண்டார். அவள் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, துண்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியின் பின்புறம் ஒண்ணேகால் இஞ்ச் இறங்கி அமர்ந்தது. பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. அதன் புகை கலையும்வரை காத்திருந்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.